நான் எழுதிக் கொடுத்த கடிதம்



கொஞ்சம் நீளமான பதிவு. மேசன் வேலைக்கோ, கம்பி கட்டவோ, டைல்ஸ் பதிக்கவோ போகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள். சம்பந்தப்பட்ட தம்பியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான். பாஸின் பெயரையும் எழுதமாட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல.

தம்பி என்னிடம் கணிதம் படித்தவன். ஓ.எல். எழுதிய வருடமே வாப்பா மௌத்தாகிவிட்டார். அடுத்த மாதமே மேசன் பாஸோடு கையாளாகப் போய்விட்டான். ஆறு வருடம் கழித்து, நோன்புப் பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு கடைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பூச்சு வேலை நடந்தது. பலஞ்சிப் பலகை பிரண்டு கீழே விழுந்தான். வலது கால் தொடை எலும்பு முறிந்தது, குதிகால் நொறுங்கியது. காலுக்குள் கம்பி வைத்தார்கள். இன்று நடக்கிறான், ஆனால் ஏணியில் ஏறமுடியாது. மேசன் வேலைக்கு ஏணி ஏறாமல் என்ன இருக்கிறது?

ஊர் சும்மா இருக்கவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் காசு சேர்த்தோம். பாஸ் ஆஸ்பத்திரிக்கு ஓடித் திரிந்தார். நான்கு மாதம் போனபின் பெரியவர்கள் சிலர் கூடி, பாஸ் ஒரு இலட்சம் ரூபா கொடுப்பது, அத்தோடு விசயத்தை முடிப்பது என்று பேசினார்கள். எழுத்தில் இருக்கட்டும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதத் தெரிந்த ஸேர் நான்தானே.

எழுதினேன். "மேற்படி தொகையைப் பெற்றுக்கொண்டேன். இது சம்பந்தமாக இனிமேல் எந்தக் கோரிக்கையும் விடமாட்டேன்." அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகாக. கையெழுத்து வைக்க முன்பு அவனுடைய உம்மா என்னைப் பார்த்து, "ஸேர், இது சரிதானே?" என்று கேட்டா. "சரி உம்மா" என்றேன். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. ஆனாலும் சரி என்றேன்.

அதற்குப் பிறகு பதினைந்து மாதம். என்னுடைய காணி உறுதி விசயமாகக் கோட்டுக்குப் போனபோது அங்கே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தைக் கண்டேன். 1978 ஆம் ஆண்டின் சட்டமொன்றால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிறது. சும்மா ஒரு கேள்வி கேட்போம் என்று உள்ளே போய்த் தம்பியின் கதையைச் சொன்னேன். அங்கிருந்த பெண் சட்டத்தரணி முதலில் கேட்டது, விபத்து நடந்து எத்தனை மாதம் என்றுதான்.

"பத்தொன்பது."

"அப்ப இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கு ஸேர். ரெண்டு வருசத்துக்குள்ள விண்ணப்பிக்க வேணும்."

கடிதத்தின் போட்டோவைப் போனில் காட்டினேன். வாசித்துவிட்டு, "இத எழுதினது யார்?" என்றா. நான்தான் என்றேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. அவ திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று நான் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நமது நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1934 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக ஒருவர் காயப்பட்டால் அவரை வேலைக்கு வைத்தவர் நட்டஈடு கொடுக்கவேண்டும். யாருடைய பிழை என்பது அங்கே முதல் கேள்வி அல்ல. வேலையாளுடைய சாதாரணக் கவனக்குறைவு உரிமையை இல்லாமலாக்காது. போதையில் இருந்தது, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியது போன்றவை வேறு கதை. நாட்கூலிக்குப் போகிறவருக்கும் பொருந்தும். ஈ.பி.எஃப். இல்லை என்பதால் இந்த உரிமை இல்லாமல் போகாது.

எவ்வளவு என்பது சம்பளத்தையும், உழைக்கும் சக்தி எத்தனை வீதம் குறைந்தது என்பதையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த வீதத்துக்கு வைத்திய அறிக்கை வேண்டும். முன்பு உச்சத்தொகை ஐந்தரை இலட்சமாக இருந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தில் அதை 20 இலட்சமாக உயர்த்தினார்கள். எல்லோருக்கும் 20 இலட்சம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அது மேல் எல்லை மட்டும்தான்.

என் கடிதம்? உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று வேலையாள் எழுதிக் கொடுப்பது சட்டத்தின் முன் செல்லாது. இரண்டு பேரும் சமாதானமாகத் தொகை பேசலாம், ஆனால் அந்த உடன்படிக்கையை நட்டஈட்டு ஆணையாளரிடம் அனுப்பிப் பதியவேண்டும். அவருடைய அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. விபத்தில் மௌத்தானால் குடும்பத்துக்குரிய நட்டஈட்டைக் கையில் கொடுத்து முடிக்கமுடியாது, ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும்.

இன்னொரு வழி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. அங்கே மற்றவருடைய கவனயீனத்தை நிரூபிக்கவேண்டும், அதற்கும் இரண்டு வருடம்தான் எல்லை. ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்கமுடியாது. எது பொருத்தம் என்று சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் தீர்மானிக்கவேண்டும். நாங்கள் ஆணையாளரிடம் போனோம்.

போனபோதுதான் மற்றச் சிக்கல் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் பதிவில் "மாமரத்தால் விழுந்தது" என்று இருந்தது! பொலிஸ் பிரச்சினை வரும் என்று பயந்து, கூட்டிக்கொண்டு போன பொடியன் அப்படிச் சொல்லியிருக்கிறான். தம்பியும் வலியில் தலையாட்டியிருக்கிறான். அந்த ஒரு பொய்யைத் திருத்த, கூட வேலை செய்த இரண்டு பேர் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டி வந்தது. ஒருவன் உடனே சம்மதித்தான். மற்றவனுக்குப் பாஸிடம்தான் இன்னும் வேலை. மூன்று தரம் போய்க் கதைத்தேன். கடைசியில் அவனுடைய மனைவிதான், "நாளைக்கு நீங்க விழுந்தா யார் வாற?" என்று கேட்டு அனுப்பிவைத்தா.

சம்பளத்துக்கு அத்தாட்சி? சம்பளச் சீட்டு ஏது! உம்மா ஒரு பழைய சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து தந்தா. மகன் கொண்டுவந்த ஒவ்வொரு நாள் கூலியும், அதில் சீட்டுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று திகதியோடு எழுதியிருந்தா. இருபத்தைந்து வருடம் கணிதம் படிப்பிக்கிறேன், அவ்வளவு ஒழுங்கான கணக்கை நான் அதிகம் கண்டதில்லை.

ஆணையாளரின் கடிதம் கிடைத்த அன்று மஃரிபுக்குப் பிறகு பாஸ் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஸேர், அந்தக் கடிதத்த எழுதின நீங்கதானே? இப்ப நீங்களே என்ன இழுக்கிறீங்களா?"

"அன்டைக்கு நான் எழுதினது பிழை, பாஸ். அதத்தான் திருத்துறன்."

"எனக்கும் மூணு பொம்புளப் புள்ளைகள் ஸேர்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் காப்புறுதி எடுத்திருக்கவில்லை. கடை முதலாளி அவருக்கே இன்னும் காசு பாக்கி. ஊரிலும் பேச்சு வந்தது. "கத்ர், நடந்தது நடந்துட்டு, இதுக்குப் போய்க் கேஸா?" என்று எனக்குத் தெரிந்த ஒருவரே கேட்டார். விழுந்தது கத்ர்தான், நானும் நம்புகிறேன். ஆனால் ஒருவனுடைய கால் போன கணக்கை ஒரு இலட்சத்தில் மூடியது நாங்கள். அதை அல்லாஹ்வின் மேல் போடமுடியாது.

விசாரணை நாட்களுக்கு ஒவ்வொரு தரமும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தோம். கடைசியில் இருவரும் ஒரு தொகைக்கு உடன்பட்டார்கள். கொடுத்த இலட்சத்தையும் அதில் கணக்கெடுத்து, மிச்சத்தைத் தவணையாகக் கட்டுவதாகப் பதிவாகியது. தொகை அவனுடைய குடும்ப விசயம். முதல் தவணையில் தையல் மெசின் இரண்டு வாங்கி, உம்மாவும் தங்கச்சியும் பாடசாலைச் சீருடை தைக்கிறார்கள். அவன் வெட்டப் பழகிவிட்டான். பாஸ் தவணை தவறாமல் கட்டுகிறார். எனக்கு ஸலாம் சொல்கிறார், முன்பு போல நின்று கதைப்பதில்லை. அது எனக்குக் கஷ்டம்தான்.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே:

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். வேலைத்தலத்தில் விழுந்தால் அப்படியே சொல்லுங்கள். டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எதையும் வீசவேண்டாம். விழுந்த இடத்தைப் போட்டோ எடுங்கள். கண்டவர்களின் பெயரை எழுதிவையுங்கள். பாஸுக்கு உடனே அறிவியுங்கள், வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். நாட்கூலியைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வருடம் என்பது நீண்டகாலம் போலத் தெரியும், கிளினிக்குக்கு அலைவதிலேயே முடிந்துவிடும்.

பாஸ்மாரே, கொந்தராத்து எடுக்கும்போதே வேலையாட்களுக்குக் காப்புறுதி எடுங்கள், அந்தச் செலவையும் விலையில் சேருங்கள். வீடு கட்டுகிறவர்களே, சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்கும்போதே காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், அதற்கான காசைக் கொடுக்கப் பின்வாங்கவேண்டாம்.

என்னைப் போல எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து எழுதித் தரச் சொன்னால், முதலில் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. அந்த உம்மா "சரிதானே" என்று கேட்டபோது நான் அதைச் சொல்லியிருக்கவேண்டும்.

தம்பிக்காகவும் பாஸுக்காகவும் துஆ செய்யுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை அனுப்பிவையுங்கள்.