குச்சிக்குப் பின் வரும் வேலை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப்போல இத்தனை அவகாசம் கொடுக்கும் கொடிய வியாதி வேறு அரிது. அதற்குக் காரணமான எச்பிவி வைரஸ் உடலில் தங்கிப் புற்றாக முற்றுவதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும், மலேசியாவில் செடெனாக் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்திலும் கூலாய்க் கடைவீடுகளின் மாடியறைகளிலும் ஒதுங்கி வாழும் மியன்மார் அகதி ஸ்திரீகளிடையே தாதியாகப் பழகிய பின், நிலையான முகவரி இல்லாதவளுக்கு அந்த அவகாசத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்ற அபிப்பிராயம் எனக்கு வலுத்துவிட்டது.

வைரஸ் சோதனைக்கு மாதிரி எடுக்கும் காரியம் இப்போது சுலபம். ஸ்பெகுலத்தின் குளிரை வெந்நீரில் போக்கி, சங்கோசத்தால் இறுகிய உடலைப் பேச்சாலேயே தளரச் செய்து பாப் ஸ்மியர் எடுக்க நாங்கள் பயின்ற நிதானமெல்லாம், 2018இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரோஸ் என்ற பரிசோதனைத் திட்டத்தின் மெல்லிய குச்சிக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. இடக்கை முஷ்டிக்குள் குச்சியை நுழைத்து, எவ்வளவு ஆழம், எப்படிச் சுழற்றுவது என்று கடைவீதிப் பேச்சான பாசார் மலாயில் வந்தவளுக்குக் காட்டிவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். மாதிரியை அவளே எடுத்துக்கொள்வாள். அந்நியர் கைக்கு அஞ்சிய ரோஹிங்யாப் பெண்கள்கூட இதற்கு இணங்குகிறார்கள். (என் கைத்திறமைக்கு வேலை குறைந்ததில் சிறிது வருத்தமும் உண்டு, அதை மறைப்பானேன்?)

கஷ்டம் அதற்குப் பிறகுதான். முடிவு கைப்பேசிக்கு வரும், கைப்பேசியோ கணவனுடையது, 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடாததால் சட்டப்படி வேலை செய்யும் உரிமையற்ற அவன், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்போது எண்ணையும் மாற்றிவிடுவான். ஆகவே, குச்சியைக் கொடுக்குமுன் அவள் சம்மதத்துடன் அக்காள், அண்டைவீட்டுக்காரி, மளிகைக் கடைக்காரர் மனைவி என மூன்று எண்களேனும் எழுதிக்கொள்கிறேன். வைரஸ் தாம்பத்தியத்தின் வழியே பரவுவதாதலால் வீண் சந்தேகம் எழக்கூடும்; அதனால், "கிளினிக்கில் கூப்பிடுகிறார்கள்" என்பதற்கு மேல் எவரிடமும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

வைரஸ் இருப்பதாக முடிவு வந்து அவளைக் கண்டுபிடித்தாலும், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐ.நா. அகதிகள் அட்டை இருந்தால் அந்நியர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதியே தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. அட்டை இல்லாதவளோ, ஆவணமில்லாத அந்நியரைக் குறித்துத் தகவல் தரும்படி ஆஸ்பத்திரிகளுக்கு 2001இல் வந்த சுற்றறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டு வாசலிலேயே திரும்பிவிடுவாள்.

தாய்மார் அடிக்கடி மகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட முடியுமா என்று விசாரிப்பார்கள். 2010 முதல் 13 வயதுப் பெண்களுக்கு அந்தத் தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. ஆனால் போடுவது பள்ளிக்கூடத்தில். அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லையாதலால், அந்தச் சிறுமியின் பெயர் எந்த ஊசிப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.