போர்டு போகவில்லை, அக்கா

சாகாத போர்டைச் செத்துவிட்டதாகச் சொல்லிப் புதுப் போர்டு விற்றிருக்கிறேன். ஆமத்தூரில் மிக்சி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு பழுது பார்ப்பது என் பிழைப்பு. மிக்சியில் யாரையும் ஏமாற்றியதில்லை. கார்பன் தேய்ந்திருந்தால் கழற்றிக் காட்டிவிடலாம், பார்த்தாலே தெரியும். இண்டக்‌ஷன் போர்டு அப்படியில்லை. அதில் எது போயிருக்கிறது என்று வருகிறவருக்குத் தெரியாது. அதில்தான் நான் சம்பாதித்தேன்.

2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 6 மட்டுமே என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. பிறகு அது 9 ஆகி, 12 ஆனது. மின்வெட்டு வாட்டிய ஆண்டும் அந்த 2012-தான். இருந்தாலும் கரண்டு இருக்கும் நேரத்துக்கு ஆகட்டும் என்று பலர் இண்டக்‌ஷன் வாங்கினார்கள். பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்களுக்குக் காலையிலேயே வண்டி வந்துவிடும். அதற்குள் சோறும் குழம்பும் இறக்கியாக வேண்டும். அடுப்பு நின்றால் அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிடுவார்கள்: “தம்பி, நாளைக்குக் காலைல வேணும்.” அந்த அவசரமும் எனக்கு வசதியாக இருந்தது.

காற்றடித்து நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வரைகூட ஏறும். போர்டின் வாசலில் ஃபியூஸை ஒட்டி வட்டமாக ஒரு வேரிஸ்டர் இருக்கும். அளவுக்கு மேல் வோல்டேஜ் வந்தால் அது ஷார்ட் ஆகி ஃபியூஸை அடித்துவிடும், உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அடுப்பில் விளக்குகூட எரியாது, ஆனால் பெரும்பாலும் போயிருப்பது அந்த இரண்டும்தான். கருகியதை எடுத்துவிட்டுப் புதிது பற்றவைத்து, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. மின்னி அடங்கினால் ஷார்ட் இல்லை. பாகங்களின் விலை ஒரு டீ, வடைக் காசு. நான் சொன்னதோ, “போர்டு போச்சுக்கா.” ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினேன். கழற்றிய போர்டை ராத்திரி சரிசெய்து வைத்துக்கொண்டு, அடுத்து வந்தவருக்குப் புதிதென்று மாட்டினேன்.

இன்னொரு தப்பு சோம்பேறித்தனம். காயிலுக்குக் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுப்பது ஐஜிபிடி. அது வெடித்து வந்தால் அதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவேன். சில நாளில் மறுபடி வெடித்து வரும். ஐஜிபிடி எந்த நொடியில் திறக்க வேண்டும் என்று சிப்புக்குத் தகவல் போவது சில பெரிய மதிப்பு ரெசிஸ்டர்கள் வழியாக. அவை மதிப்பு மாறினால் ஐஜிபிடி தப்பான நேரத்தில் திறந்து சூடேறிச் சாகும். காயிலோடு சேர்ந்த கண்டன்சர் மதிப்பு குறைந்தாலும், எண்ணெய்ப் பிசுக்கில் ஃபேன் சுற்றாமல் நின்றாலும் அதே கதிதான். ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும் விஷயம் இது. பார்க்கவில்லை. “உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்ல” என்று சொல்லி இரண்டாவது தடவையும் காசு வாங்கினேன். பட்டாசு ஊரில் பிறந்தவன் நான். ஒரு ஷெட்டில் தீப்பிடித்தால் உராய்வா, மருந்துக் கலவையா, ஆள் அதிகமா என்று காரணம் தேடாமல் விடமாட்டார்கள். கடைக்குள் மட்டும் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கம்பெனிகள் சர்க்யூட் படம் தருவதில்லை, உதிரிப் பாகம் தனியாகத் தருவதில்லை என்று சாக்குச் சொல்லலாம். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022-இல் மத்திய அரசு குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. நல்லதுதான். ஆனால் ஃபியூஸ் போயிருப்பதைக் கண்டுபிடிக்கப் படம் வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 2018 அக்டோபர் 23-இல் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை சொன்னது. தீபாவளி முடிந்ததும் ஆலைகளை அடைத்துவிட்டார்கள், மாதக்கணக்கில் கூலி இல்லை. அந்த நாட்களில் ஓர் அக்கா அடுப்பைக் கொண்டுவந்தார். வேரிஸ்டர் கருகியிருந்தது, மேல்தட்டைத் திறந்ததுமே தெரிந்தது. அவரிடமும் “போர்டு போச்சுக்கா” என்றுதான் சொன்னேன். பாதி கொடுத்து, மீதியைத் தவணையாகக் கட்டினார்.

இப்போது பில்லில், பழுதான பாகத்தின் பெயர், அதன் விலை, என் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறேன். கழற்றியதைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுக்கிறேன். யாரிடம் பழுது பார்த்தாலும் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கூலி கூடிப்போச்சு என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். கூடவில்லை, முன்பு அதைப் போர்டு விலைக்குள் ஒளித்துவைத்திருந்தேன்.

அந்த அக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்டால், இல்லை. ஒருவரிடம் ஒப்புக்கொண்டால் தெருவே கணக்குக் கேட்கும் என்று பயம். கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்லத்தான் எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.