புதைத்து வைத்த மோதிரம்

ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகருக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது கிரேமர் பாலத்தை. பாலத்தின் மேலேயே இருபுறமும் வீடுகளும் கடைகளும்! போட்டோ எடுத்த கையோடு கிளம்பிவிடாமல் சந்துகளுக்குள் கொஞ்சம் நடந்தால், யூதர்களின் பழைய ஜெப ஆலயம் இருக்கிறது. அதன் மிகப் பழைய பகுதி 1094-ஐ ஒட்டியது.

கிணறுகளில் யூதர்கள் விஷம் கலந்ததால்தான் கொள்ளைநோய் பரவுகிறது என்று ஐரோப்பா முழுக்க வதந்தி. எர்ஃபுர்ட்டுக்கு நோய் அப்போது வந்துசேர்ந்திருக்கவே இல்லை. ஆனாலும் 1349 மார்ச்சில் அங்கிருந்த யூதர்களைக் கொன்று தீர்த்தார்கள். ஆலயம் ஒரு வியாபாரியின் கிடங்கானது. பின்னாளில் சாப்பாட்டுக்கடை, நடனக்கூடம். அது ஜெப ஆலயம் என்பதையே ஊர் மறந்தது. நாஜிகளின் கையில் சிக்காமல் அதைக் காப்பாற்றியதும் அந்த மறதிதான்.

1998-ல், பக்கத்திலேயே ஒரு நிலவறைச் சுவரோரம் புதையல் கிடைத்தது. 3,141 வெள்ளிக்காசுகள், 14 வெள்ளிக்கட்டிகள், 700-க்கும் அதிகமான பொன், வெள்ளி வேலைப்பாடுகள். இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட ஆலயத்தின் நிலவறையில் அவற்றைப் பார்க்கலாம். 2023-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது.

காசுகளை விடுங்கள். பார்க்க வேண்டியது ஒரு தங்கக் கல்யாண மோதிரம். கல் பதிக்கும் இடத்தில், கோபுரம் வைத்த குட்டி வீடு. கூரையில் ஹீப்ரு எழுத்தில் 'மஸல் தோவ்' என்ற வாழ்த்து. அன்றாடம் போட்டுக்கொள்கிற மோதிரமல்ல, சடங்குக்கு மட்டும். கலவரம் அடங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் புதைத்திருப்பார்கள். கூடவே, ஒரு பெண்ணின் சின்ன வாசனைக் குப்பியையும்.