கதைக்கு முக்கியமில்லாதவள்

ஆண்டும் எண்ணும் எனக்குத் தப்பாது. முப்பத்தாறு வருடம் மூதூரில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தவன் நான். ரொபேட் நொக்ஸ் எங்கள் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டது 1660, கண்டி இராச்சியத்திலிருந்து தப்பியது 1679, அவருடைய நூல் லண்டனில் அச்சானது 1681 என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 'கம்பெரலிய' என்றால் இன்னும் வேகமாகச் சொல்வேன். மார்ட்டின் விக்கிரமசிங்க அந்த நாவலை வெளியிட்டது 1944. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கியது 1963. டெல்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது 1965. நாவலாசிரியரின் ஊரான கொக்கலையில் இருந்து கிளம்பிய விமானம்தான் 1942 ஏப்ரல் 4ஆம் திகதி ஜப்பானியக் கடற்படையைக் கண்டு சொன்னது. ஐந்து நாள் கழித்துத் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. எம். எம். உவைஸ் அந்த நாவலைத் தமிழாக்கி 'கிராமப் பிறழ்வு' என்று பெயர் வைத்தார். இதையெல்லாம் மேடையில் அடுக்கும்போது சபை வாய் பிளந்து கேட்கும்.

இந்த எண்களுக்குப் பின்னால்தான் நான் நாற்பது வருடம் ஒளிந்திருந்தேன்.

படத்தை முதலில் பார்த்தது 1981இல், பேராதனையில் படித்த காலத்தில். கறுப்பு வெள்ளைப் படம். பாட்டுக்கு மரத்தைச் சுற்றுவதும் இல்லை, சண்டையும் இல்லை. செட் போடாமல், பலப்பிட்டியில் ஒரு பழைய வளவ்வையிலேயே, அதாவது பெரிய குடும்பத்து வீட்டிலேயே, எடுத்திருந்தார்கள். அந்த வீட்டின் தூண்களும் நீண்ட விறாந்தையும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. வளவு என்ற சொல்லே அவர்களுக்கும் நமக்கும் பக்கத்துச் சொல்தானே.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்பகுதிக் கிராமத்தில் முகாந்திரம் என்ற பட்டமுள்ள, பேர் பெற்ற குடும்பம். செல்வம் கரைந்துகொண்டிருக்கிறது, பெருமை கரையவில்லை. இளைய மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறான் பியல். இருவருக்கும் மனம் ஒட்டுகிறது. பியலின் குடும்பம் தங்களுக்குக் குறைவு என்று பெற்றோர் மறுத்துவிட்டு, நல்ல குடும்பத்து ஜினதாசவுக்கு அவளைக் கட்டிவைக்கிறார்கள். ஜினதாசவிடம் குடும்பப் பேர் மட்டும்தான் மிச்சம். அவன் வியாபாரம் தேடித் தூர ஊருக்குப் போய் நொடிந்துபோகிறான். பியலோ கொழும்பில் பணக்காரனாகி, காலம் கடந்து நந்தாவைக் கைப்பிடிக்கிறான். புண்யா ஹீன்தெனிய நந்தா, ஹென்றி ஜயசேன பியல், காமினி பொன்சேகா ஜினதாச. திரைக்கதை றெஜி சிறிவர்தன, இசை அமரதேவ.

வகுப்பில் இதை எப்படிப் படிப்பித்தேன்? 'பழைய நிலவுடைமைக் குடும்பம் சிதைகிறது, புதிய வணிக வர்க்கம் எழுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் கலியாணம் நசுங்குகிறது' என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போடுவேன். குடும்ப கௌரவம் என்ற பொய்யைக் கிழித்துத் தொங்கவிடுவேன். பின் வாங்கில் இருக்கும் பெண் பிள்ளைகள் கண் கலங்குவார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு ராத்தா. மூன்று வயது மூத்தவள். நான் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே வாப்பா மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு என் சாப்பாட்டுக் காசு, புத்தகக் காசு, லோஞ்சுக் காசு எல்லாம் ராத்தாவின் தையல் மிஷினில் இருந்து வந்தது. பாவாடை, சட்டை, தலையணை உறை, பெருநாள் வந்தால் இரவு இரவாகப் பிள்ளைகளின் உடுப்பு. நான் 1984இல் ஆசிரியர் நியமனம் பெற்று ஊருக்குத் திரும்பியபோது அவளுக்கு இருபத்தேழு வயது.

அடுத்த வருடம் ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். ஜெட்டிப் பக்கம் சிறிய தையல்கடை வைத்திருந்தவர். பெருநாள் காலத்தில் தன்னால் முடியாத தையலை ராத்தாவிடம் கொடுத்தனுப்புவார், அப்படி அறிமுகம். இஷாத் தொழுகைக்குப் பின் தன் மாமாவுடன் வந்து எங்கள் தலைவாசலில் இருந்தார். அவர் பேசியது கொஞ்சம்தான். "எங்களுக்கு வீடும் வேணாம், கைக்கூலியும் வேணாம். நான் எடுத்திருக்கிற வாடகை வீட்டிலயே இருப்பம்" என்றார். கைக்கூலி என்றால் மாப்பிள்ளை வாங்கும் சீதனக் காசு. அவர் ஒரு தரம் வந்தார், அவ்வளவுதான். "யோசிச்சுச் சொல்றன்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்துச் சொல்லியனுப்பினேன், குடும்பம் பொருந்தாது என்று.

அவருடைய வாப்பா ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர். அந்தக் காரணம் ஊருக்குப் போதும். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் தோளில் தட்டி, "வாப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்" என்றார்கள்.

ஆனால் அது காரணம் இல்லை. மூட்டை தூக்குகிறவரின் மகன் என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. மார்க்ஸ் படித்தவன் நான், அதற்கெல்லாம் வெட்கப்படுவேனா? உண்மைக் காரணத்தை விளங்கிக்கொள்ள எங்கள் பகுதி வழமை தெரிய வேண்டும். கிழக்கில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வாப்பாமாரும் காக்காமாரும் தம்பிமாரும் அதற்காகவே உழைத்துத் தேய்வார்கள். மகன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட, வயதான உம்மா மகளோடு இருப்பா. எனக்கு அப்போது பெரியபாலம் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறையும் கிணறும் உள்ள புதிய வீடு. ராத்தா தையல்கடைக்காரரோடு வாடகை வீட்டுக்குப் போய்விட்டால், உம்மா தனித்துப்போவா. உம்மாவை என் சீதன வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு மரியாதைக் குறைவு. உம்மாவோடு நான் நின்றால் பெரியபாலத்துச் சம்பந்தம் தவறும். ராத்தா வீட்டில் இருந்தால் எல்லாம் சரி. கணக்கு அவ்வளவுதான்.

ராத்தாவுக்கென்று ஒரு வீட்டைக் கட்டி, உம்மாவையும் அங்கேயே வைத்து, அந்த மனிதரை முறைப்படி கூட்டி வந்திருக்கலாம். அதற்கு என் சம்பளத்தில் ஐந்தாறு வருடம் போயிருக்கும். அவள் எனக்காகத் தைத்த வருடங்களுக்கு ஈடாக அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 1986இல் நான் கலியாணம் முடித்துப் புது வீட்டுக்குப் போனேன். கைக்கூலியும் வாங்கினேன். சீதனத்துக்கு எதிராகப் பட்டிமன்றத்தில் பேசியவன், வாங்கினேன்.

சட்டமும் எனக்கு வசதியாக இருந்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காவின் என்ற கலியாணப் பதிவு எழுதும்போது அன்று பதிவேட்டில் மணப்பெண் கையெழுத்துப் போட இடமிருக்கவில்லை. அவளுக்காக அவளுடைய பொறுப்பாளரான வலி போடுவார்: வாப்பா, அவர் இல்லையென்றால் வாப்பாவின் வாப்பா, அவரும் இல்லையென்றால் சகோதரன். அறபுச் சொல் அது. தமிழில் அதற்கு வேறு பொருள் இருப்பது தமிழ் வாத்தியாரான எனக்கு அன்று உறைக்கவில்லை. வலி நியாயமில்லாமல் மறுத்தால் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியாரிடம் போகலாம் என்றும் சட்டத்தில் உண்டு. தான் தைத்துப் படிப்பித்த தம்பிக்கு எதிராகக் காதியாரிடம் போகும் ராத்தா எந்த ஊரில் இருக்கிறாள்? அவளுடைய வாழ்க்கையை நிறுத்த நான் எதிலும் ஒப்பம் வைக்கத் தேவைப்படவில்லை. பேனையை எடுக்காமல் இருந்ததே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் இரண்டாம் தாரத்துக்கு, பிள்ளை வளர்க்க ஆள் தேடி. ராத்தாவே வேண்டாம் என்றாள். வருடங்கள் போயின. 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டு மூதூரே கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது, நான் மனைவி பிள்ளைகளோடும் மாமனார் குடும்பத்தோடும் நடந்தேன். ராத்தா எழுபது தாண்டிய உம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு அயலவர்களோடு நடந்திருக்கிறாள். மூன்றாம் நாள்தான் கந்தளாயில் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருவரையும் கண்டேன். "வந்திட்டியா மனே" என்று உம்மா அழுதா. ராத்தா, நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். ஊர் திரும்பிய சில வருடத்தில் உம்மாவும் போய்விட்டா. பிறகு அந்த வீட்டில் ராத்தாவும் மிஷினும்தான்.

2018 ஏப்ரல் 29ஆம் திகதி லெஸ்டர் காலமானார், தொண்ணூற்றொன்பது வயதில். ஊரில் நண்பர்கள் ஒரு நினைவுக் கூட்டம் வைத்து, வழக்கம்போல என்னைத்தான் பேசக் கேட்டார்கள். ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று நினைத்தேன். என் வீட்டில் பேரப்பிள்ளைகளின் சத்தம். ராத்தா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். அவள் ஒரு பக்கம் தைத்துக்கொண்டு, நான் சிங்களத்தை இடையிடையே தமிழில் சொல்லச் சொல்ல, பார்த்தாள்.

பாதிப் படத்தில் மிஷினை நிறுத்தினாள்.

"தம்பி, அந்த மூத்த பிள்ளைக்கு ஏன் ஆரும் கேட்டு வரல்ல?"

நந்தாவுக்கு ஒரு அக்கா உண்டு. பெயர் அனுலா. நடித்தவர் ட்ரிலீஷியா குணவர்தன. தங்கையின் காதலையும் கலியாணத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, அந்தப் பெரிய வீட்டிலேயே கலியாணம் ஆகாமல் இருக்கிறவள். அந்தப் படத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அனுலாவைப் பற்றி ஒரு வசனம் பேசியதில்லை, ஒரு வரி எழுதியதில்லை.

ராத்தாவுக்கு நான் சொன்ன பதில் இது: "அவ கதைக்கு முக்கியமில்ல ராத்தா. கதை தங்கச்சியைப் பத்தினது."

"ம்" என்றாள். மிஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

எனக்கு அப்போதே சுட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். சுடவில்லை. கூட்டத்துக்குப் போய் ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். 1944, 1963, 1965 எல்லாம் சொன்னேன். நிலவுடைமை சிதைந்தது, வணிக வர்க்கம் எழுந்தது. கை தட்டினார்கள். இரவு படுத்தபோதுதான் அந்த "ம்" திரும்ப வந்தது. அதற்குப் பிறகு பல இரவு வந்தது.

அந்த இரவுகளில் விளங்கிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். குடும்ப மானம், குடும்பப் பொருத்தம் என்பதையெல்லாம் நான் ஒரு பழைய நோய்போலப் படிப்பித்தேன். படித்தால் மாறிவிடும் என்று நம்ப வைத்தேன். நான் படித்தவன், எனக்கு அந்த நோயே இல்லை. இல்லாத நோயை ஊர் முன்னால் நடித்து, அதற்குள் என் வசதியை ஒளித்தேன். ஒரு பெண் வீட்டில் நின்றுபோனால், அவள் நிற்பதால் யாருக்கு நேரத்துக்குச் சோறு கிடைத்தது, யார் நிம்மதியாக வேறு வீட்டுக்குப் போனார் என்று பார்க்க வேண்டும். மானம் என்ற சொல்லைச் சொல்கிறவரே பெரும்பாலும் அந்த ஆளாக இருப்பார். முகாந்திரத்தின் வீட்டைச் சொல்லவில்லை, எங்கள் வீட்டைச் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ராத்தா வீட்டுக்குப் போனேன். காவின் பதிவேட்டில்தான் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று, இதிலாவது அவள் சொல்லட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு இப்போது கண் மங்கல், ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். நான் வாசித்தேன். கைக்கூலி வந்த இடத்தில் குரல் இறங்கியது. "சத்தமா வாசி" என்றாள். முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. மன்னிப்பாள், அல்லது திட்டுவாள் என்று இருந்தேன்.

"ஒரு தரம் எண்டு எழுதியிருக்கிறாய்" என்றாள். "ரெண்டு தரம் வந்த."

எனக்கு விளங்கவில்லை. எண்பத்தெட்டில், கத்தாருக்குப் போவதற்கு முதல் அவர் திரும்ப வந்தாராம். உம்மாவே வெயிலில் நடந்து பெரியபாலத்து வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாவாம். நான் சோதனைக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேனாம். "அந்தக் கதையை விடுங்கம்மா" என்று சொன்னேனாம். நிமிர்ந்தும் பார்க்கவில்லையாம்.

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மேலே 'ஒரு தரம்' என்று நான் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.