பஞ்சாரத்துக்குள் புதுக்கோழி

திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர், வடமதுரைப் பக்கத்துக் கிராமங்களில் புறக்கடைக் கோழி வளர்ப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பிலேயே இருக்கிறது. முட்டையும் கோழியும் விற்று வரும் காசு சிறுவாட்டில், அதாவது வீட்டுக் கணக்கில் சேராமல் பெண்கள் தனியே சேர்த்துவைக்கும் பணத்தில், போய்ச் சேர்வதால், எந்தப் பெட்டை அடைக்கு உட்காரும், எதன் குஞ்சை வல்லூறு தூக்கியது, எந்தச் சேவலை எப்போது விற்கலாம் என்ற கணக்கெல்லாம் அவர்கள் மனத்திலேயே இருக்கிறது. இதைத் தொழில் என்று எவரும் சொல்வதில்லை என்றாலும், இதற்குள் எவ்வளவு கைப்பழக்கம் அடங்கியிருக்கிறது என்பது, வெளியிலிருந்து வாங்கிவந்த ஒரு கோழியை வீட்டுக் கோழிகளோடு சேர்க்கும் வேளையில் நன்றாகத் தெரிகிறது.

அந்த வேலை கடினமாவதற்குக் காரணம் கோழிகளிடையே உள்ள கொத்து வரிசையாகும். எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எதற்கு விலகி வழிவிட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நார்வே நாட்டு ஆய்வாளர் தார்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே 1921ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் முறைப்படி விளக்கினார். ஒரு முறை சண்டையிட்டுத் தீர்ந்த வழக்கு பிறகு ஒரு முறைப்பிலோ லேசான ஒரு கொத்திலோ முடிந்துவிடுவதால், பழகிய கூட்டத்தில் பெரிய சண்டைகள் அரிது. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகக் கொண்டையையும் தலையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. முகம் தெரியாத புதுக்கோழி உள்ளே வரும்போது, ஒவ்வொரு கோழியுடனும் அது தனித்தனியே வழக்காடித் தன் இடத்தைப் பெற வேண்டியிருக்கிறது. அந்த வழக்குகள் அனைத்தும் ஒரே காலைப்பொழுதில் நடந்தால் கொண்டை கிழிந்து, இரத்தம் கண்ட மற்றக் கோழிகளும் சேர்ந்து கொத்தி, புதியது சாகவும் கூடும்.

புதுக்கோழி பெரும்பாலும் வருவது அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையிலிருந்து. கால் கட்டித் தலைகீழாகத் தொங்கும் கோழியை வாங்குபவர் முதலில் நிமிர்த்திப் பிடித்து, கொண்டையின் நிறத்தைப் பார்த்து, நெஞ்செலும்பைத் தடவிச் சதைப்பற்றை அறிந்து, பின்பக்க இறகை ஊதி விலக்கி எச்சம் ஒட்டியிருக்கிறதா, செல் என்று சொல்லப்படும் பேன் ஓடுகிறதா என்று சோதிக்கிறார். இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கு நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அது முட்டையிடும் கோழி என்பது கணக்கு. அடைக்கும் குஞ்சு வளர்ப்புக்கும் பெயர்பெற்ற சிறுவிடையா, உயரமும் எடையும் மிகுந்த, சண்டைக்குணம் கலந்த பெருவிடையா என்பதும் முக்கியமான கேள்வியே. சிறுவிடைகள் மட்டுமே உள்ள முற்றத்தில் ஒரு பெருவிடையை விட்டால், பழைய வரிசை முழுவதும் குலைந்து, சில நாட்களுக்கு முட்டையும் குறைகிறது.

வீட்டுக்கு வந்த கோழி நேராகப் பஞ்சாரத்துக்குள் போகிறது. பச்சை மூங்கிலைப் பிளந்து சீவிய பத்தைகளால் இடைவெளி விட்டு முடையப்படும், அடிப்பக்கம் திறந்த கவிழ்ப்புக் கூடையே பஞ்சாரமாகும். இப்போது இரும்புக் கம்பியால் ஆனவையும் விற்பனைக்கு வந்துவிட்டன. அதன் இடைவெளி அலகு நுழையும் அளவில் இருக்கிறது, உடல் நுழையும் அளவில் இல்லை. வெளியே மேயும் கோழிகள் வந்து பார்த்து, இடைவெளி வழியே கொத்தும்போது, உள்ளே இருப்பது நடுப்பகுதிக்கு ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே எதிர்ப்பு உணரப்படுகிறதே தவிர காயம் உண்டாவதில்லை. பார்க்கலாம், தொட முடியாது என்ற இந்த நிலையில் சில நாட்கள் வைத்தபின் திறப்பதைத்தான் இன்றைய கோழி வளர்ப்பு நூல்களும் கம்பிவலைத் தடுப்பின் துணையோடு பரிந்துரைக்கின்றன. திறக்கும் நாளை இவ்வூர்ப் பெண்கள் நாட்காட்டியை வைத்து முடிவு செய்வதில்லை. "கொத்துறது நிக்கட்டும்த்தா, அப்புறம் தொறந்து விடு" என்று மாமியார் மருமகளிடம் சொல்லும் அளவுகோலே போதுமானது என்பதோடு, அதுவே கூடுதல் துல்லியமானதும் ஆகும்.

திறக்கும் வேளையிலும் ஒரு நுட்பம் கையாளப்படுகிறது. பழஞ்சாக்குத் துண்டு, காய்ந்த சாணம், மக்கிய ஓலை ஆகியவற்றை ஒரு பானைக்குள் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் முதல் நாள் மாலை கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் நிறைந்திருக்கும். பஞ்சாரத்தைத் தூக்கும் முன் அந்தப் பானையை ஓரிடத்தில் கொட்டாமல், முற்றம் முழுவதும் உதறிக்கொண்டே நடக்கிறார்கள். எல்லா அலகுகளும் தரையை நோக்கியிருக்கும் அந்த நேரத்தில் பஞ்சாரம் தூக்கப்படுவதால், புதியது வெளியே வந்ததையே பழையவை சற்றுத் தாமதமாகத்தான் கவனிக்கின்றன. தண்ணீரும் தீவனமும் இரண்டு மூன்று இடங்களில் வைக்கப்படுகின்றன. ஒரே தட்டு இருந்தால் வரிசையில் கடைசியில் நிற்பது பட்டினி கிடக்க நேரும்.

இருட்டிய பின் புதியதைப் பிற கோழிகளுக்கு நடுவே அடைத்துவிடும் வழக்கமும் உண்டு. கோழிக்கு இருளில் கண் தெரியாதென்பதால் இரவு அமைதியாகக் கழிகிறது என்பது உண்மை. ஆனால் விடிந்தவுடன், ஓடி ஒதுங்க இடமில்லாத கூண்டுக்குள்ளேயே சண்டை தொடங்கிவிடும் என்பதால், பஞ்சாரத்தில் பழகிய கோழிக்கு மட்டுமே இம்முறை ஏற்றது.

இவ்வளவு நுட்பமான முறையில் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. பஞ்சாரம் கொத்தைத் தடுக்குமே தவிர நோயைத் தடுக்காது. அதே முற்றத்தில், அதே காற்றில், எச்சம் கலந்த அதே மண்ணில் வைக்கப்படும் சந்தைக்கோழி, வெள்ளைக்கழிச்சலை எளிதில் பரப்பிவிடும். இந்தியாவில் 1927இல் ராணிகேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிகேத் நோய் என்றும் வழங்கும் இந்நோய், வைரஸ் நுழைந்த 2 முதல் 15 நாட்களுக்குள் வெளிப்படுகிறது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து திருகி, தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாக் கோழிகளும் மடிவதும் உண்டு. சந்தையில் நலமாகத் தெரிந்த கோழியால் ஒரு தெருவே காலியாவது இந்தக் கால இடைவெளியினால்தான். ஆகவே புதியதை முதலில் இரண்டு மூன்று வாரம் வீட்டின் மறுபக்கத்திலோ, கோழி இல்லாத உறவினர் வீட்டிலோ தனியே வைத்து, வீட்டுக் கோழிகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகே அதனிடம் போய்வந்து, அதன்பின் பஞ்சாரத்துக்கு மாற்றுவது நல்லது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் குருணை வடிவில் உருவாக்கிய வாய்வழித் தடுப்பு மருந்தைத் தீவனம்போல் கொடுத்துவிடலாம் என்பதால், ஒவ்வொரு கோழியாகத் துரத்திப் பிடித்து ஊசி போடும் தொல்லையும் இல்லை.

குஞ்சுகளைச் சேர்ப்பதற்கு இவ்வளவு பாடு தேவைப்படுவதில்லை. 21 நாள் அடை முடிந்து குஞ்சு பொரித்த கோழியின் சிறகுக்குள், அன்றோ மறுநாளோ இரவில், வேறு கோழியின் ஒரு நாள் குஞ்சுகளைச் செருகிவிட்டால் பெரும்பாலும் அது ஏற்றுக்கொள்ளும். நாள் கடந்தாலோ, நிறம் மிகவும் மாறுபட்டாலோ கொத்தித் தள்ளும். தாயோடு திரியும் காலத்தில் அக்குஞ்சுகளை மற்றக் கோழிகள் நெருங்குவதில்லை. சில வாரங்கள் கழித்துத் தாய் மீண்டும் முட்டைக்குத் தயாராகும்போது, தான் பொரித்தவற்றையும் செருகியவற்றையும் வேறுபாடின்றிக் கொத்திப் பிரித்துவிடுகிறது. அன்றிலிருந்து அவை கொத்து வரிசையின் அடியில் நின்று, ஒவ்வொன்றாக மேலேறத் தொடங்குகின்றன.