தேன் எடுக்காத மஷூரா

'மஷூரா' என்னும் அரபுச் சொல்லின் வேரைத் தேடிப் போனால், அகராதி ஆசிரியர்கள் நம்மைத் தேன்கூட்டின் அருகே கொண்டுபோய் நிறுத்துகின்றனர். கூட்டிலிருந்து தேனை வெளியே எடுப்பதற்கு 'ஷார' என்ற வினையை அரபியர் ஆண்டனர். பலருடைய அறிவிலிருந்து நல்ல கருத்தை எடுப்பதற்கும் அதே வேரிலிருந்து பெயர் பிறந்தது. திருமறையின் 42ஆம் அத்தியாயமே 'அஷ்ஷூரா' எனப் பெயர் பெற்றிருக்க, ஆலோசனைக் குழுக்களை நாம் எவ்வாறு பழிக்க இயலும்? தேன் எப்போது கீழே வரும் என்பது மட்டுமே நம் கேள்வி.

நீலகிரி மலையில் தேன் எடுப்பதில் வல்லவர்கள் குறும்பரும் காட்டுநாயக்கரும். அம்மலையின் குறும்பர், இருளர், பணியர் ஆகிய பழங்குடிகளிடையே தலைமுறை தலைமுறையாக ஒரு நோய் தொடர்ந்து வருகிறது. அரிவாள் அணுச் சோகை என்பது அதன் பெயர். வட்டமாய் இருக்க வேண்டிய இரத்தச் சிவப்பணு, அரிவாள் போல் வளைந்து விறைத்து நுண்ணிய குழாய்களை அடைத்துவிடுகிறது. அடைபட்ட இடத்தில் எலும்பை முறிப்பது போன்ற வலி எழும். குளிர் அவ்வலியைத் தூண்டும். உதகையின் குளிரைச் சுற்றுலாப் பயணியர் காசு கொடுத்து நாடி வருகின்றனர். இந்நோயாளிக்கோ அதுவே பகை. வெளியே காயமுமில்லை, கட்டுமில்லை. வேலைக்கு வராதவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எவருக்கும் எளிது.

லேமன், கட்பஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் இக்கூறு இருப்பதைக் கண்டு 1952இல் எழுதினர். அதன்பின் நடந்தது என்ன? அமெரிக்காவில் இந்நோய்க்கென 1972இல் தனிச் சட்டமே வந்தது. நம் நாட்டில் பழங்குடியினர் நலவாழ்வைப் பற்றி ஆராய டாக்டர் அபய் பங் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது 2013இல். அதன் அறிக்கை வந்தது 2018இல். இடையே, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அரசுப் பணியில் ஒதுக்கிய 4 சதவீத இடங்களில் இவர்களுக்குப் பங்கு வைக்கவில்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையை மூடிக்கொள்ளும் வித்தை! 2023 ஜூலை முதல் நாள், மத்தியப் பிரதேசத்து ஷாதோலில் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது திட்டம், 2047 இலக்கு. தொடங்குவதற்கே 71 ஆண்டுகள் சென்றன.

குழுவினர் கெட்டவர்கள் அல்லர். அவர்களுடைய கடிகாரம் வேறு, வலியில் சுருண்டு கிடப்பவனின் கடிகாரம் வேறு. இதைச் சொன்னால் 'ஸப்ரு செய்யுங்கள்' என்று நமக்கே உபதேசிப்போர் உண்டு. ஸப்ரு என்றால் வாய் மூடிக் கிடப்பதன்று. நபி அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அப்படியிருந்தும் அல்லாஹ் அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்ந்தான்.

காத்திராதவர்களும் அம்மலையில் இருந்தனர். கூடலூரில் 1990இல் தோன்றிய 'அஸ்வினி' அமைப்பு பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி அளித்து, ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைக் கண்டு மருத்துவம் செய்துவருகிறது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டால் வலி வரும் தடவைகள் குறையும். அதற்கு மாத்திரை அருகிலேயே கிடைக்க வேண்டும்.

இதில் நமக்கென்ன என்று வாசகர் எண்ண வேண்டாம். இந்தியப் பழங்குடிகளிடமும் சவூதியின் கிழக்குப் பகுதியினரிடமும் காணும் இம்மரபணு வகைக்கு அறிஞர்கள் இட்ட பெயரே 'அரபு-இந்தியம்'. தாய் தந்தை இருவரும் இதைச் சுமந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். சவூதி அரசு 2004 முதல் நிக்காஹுக்கு முன் இரத்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. தலசீமியாவும் இவ்வாறே இரு பக்கமிருந்தும் வருவது. உறவுக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்களுக்கு அது தொலைவிலுள்ள செய்தியன்று. நம் மஹல்லாவின் நிக்காஹ் பதிவேட்டில் இச்சோதனைக்கும் ஓர் இடம் ஒதுக்கலாமே என்று ஜமாஅத் பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தோம். நல்ல யோசனை, அடுத்த மஷூராவில் பேசிக்கொள்ளலாம் ஹஜ்ரத் என்றார்கள்.