பின்னால் வருவது யார்?

பெண்களையும் கண்ணாடியையும் சேர்த்து வைத்து எத்தனை ஹாஸ்யத் துணுக்குகள் வந்துவிட்டன! புடவைக் கடை, கண்ணாடி, மாமியார் இந்த மூன்றும் இல்லாவிட்டால் துணுக்கு எழுதுகிறவர்கள் பாடு திண்டாட்டந்தான். எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. வேன் ஓட்டும்போது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினால் போதும், "பொட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. ரோட்டைப் பாரு" என்பார் இவர்.

இவருக்காகவே ஒரு சமாசாரத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். மோட்டார் வண்டிகளில் பின்புறம் பார்க்கும் கண்ணாடியே வழக்கத்துக்கு வராத காலம். இங்கிலாந்தில் கார்ப் பந்தயங்களில் ஓட்டிய டாரதி லெவிட் என்ற பெண்மணி, 1909-ல் பெண்களுக்காகக் காரோட்டும் புத்தகம் ஒன்று எழுதினார். காரில் ஒரு சின்னக் கைக்கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் என்ன வருகிறதென்று பாருங்கள் என்பது அதில் அவர் சொன்ன யோசனை. ஆக, கண்ணாடியைப் பார்த்து ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள் ஒரு பெண். துணுக்கு எழுதுகிறவர்கள் கவனிக்க!

எங்கள் வேனுக்கு வயது இருபத்தெட்டு. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், தண்ணீர்க் கேன், ஜன்னலுக்கெல்லாம் பழைய புடவையில் தைத்த திரை. பிள்ளைகள் அவரவர் குடித்தனத்துக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்று இவர் ஆசையாகப் பண்ணியது. பண்ணி முடித்த வருஷமே இவருக்குக் கண்ணில் சிகிச்சை. எதிர் வெளிச்சம் கூசுகிறது என்று ஸ்டீயரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டார். வாயை மட்டும் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட வண்டியில் உள்கண்ணாடியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நிமிர்ந்து பார்த்தால் சுருட்டி வைத்த மெத்தைதான் தெரியும். கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கண்ணாடிகளே கதி. வலது பக்கத்துக் கண்ணாடி ஆடுகிறதென்று கிளம்புவதற்கு முன்பே ஒரு பட்டறையில் காட்டினோம். முறுக்கிக் கொடுத்துக் காசும் வாங்கிக்கொண்டார்கள். நாகப்பட்டினம் வருவதற்குள் தலை தொங்கிவிட்டது. நிமிர்த்தி விடுவேன், பத்து நிமிஷத்தில் தாரைக் காட்டும். "நான் பார்த்துச் சொல்றேன், நீ ஓட்டு" என்றார் இவர்.

தை மாதம், சம்பா அறுப்பு. திருத்துறைப்பூண்டியைத் தாண்டி முத்துப்பேட்டைக்குப் போகும் சாலையில் பாதி ரோட்டுக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாகக் கல். அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு வலப் பக்கம் ஏறித்தான் போக வேண்டும். கண்ணாடியில் நடுங்குகிற தார் தெரிகிறதே தவிர வேறொன்றும் தெரியவில்லை. இவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் வரலை, எடு" என்றார். இவர் உட்கார்ந்திருப்பது இடது பக்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை, அப்படியே நிறுத்திவிட்டேன். மறு விநாடி என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று போயிற்று. பின் சீட்டில் ஒரு பெண். அவள் மடியில் மஞ்சள் குல்லாய் போட்ட குழந்தை.

முத்துப்பேட்டை வரைக்கும் இருவரும் பேசவில்லை.

காவிரியின் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் காயலில் கலந்து கடலுக்குப் போகிற ஊர் அது. அலையாத்திக் காட்டைப் பார்க்கத்தான் போயிருந்தோம். நான் முதலில் பட்டறையைத் தேடினேன். கடைத்தெரு தாண்டி ஒரு கீற்றுக் கொட்டகை. பாய்க்கு அறுபது வயதிருக்கும். ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால், கண்ணாடியை ஒரு கையால் லேசாக ஆட்டிக்கொண்டு மறு கை விரலை ஒவ்வொரு இணைப்பாக வைத்து வைத்துப் பார்த்தார், வைத்தியர் நாடி பிடிப்பதுபோல.

"கண்ணாடி கூட்டுல கெட்டியா இருக்கும்மா. குண்டு மூட்டும் பரவாயில்ல. ஆடுறது கதவு. இங்க விரல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். கதவுத் தகரத்தில் போல்ட் போகும் ஓட்டை துருப் பிடித்துப் பெரிதாகிவிட்டிருந்தது. முன் பட்டறைக்காரர் முறுக்கியது மூட்டில் இருந்த திருகை. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்! கடற்கரை ஓரம் உப்புக் காற்றில் இது சகஜமாம். வண்டி வேகமாகப் போகும்போது காற்று கண்ணாடியைப் பின்னால் தள்ளும். மெல்லிய தகரம் அத்தனை பாரத்தையும் ஒரு போல்ட்டின் விளிம்பில் தாங்க வேண்டும்.

கதவின் உள் அட்டையைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் தடவினார் பாய். அது காய்ந்ததும் உட்புறம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வாஷர் ஒன்று, அதற்கு மேல் ஸ்பிரிங் வாஷர். வெளியே, கண்ணாடிக் காலுக்கும் தகரத்துக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர். பெரிய வாஷர் பாரத்தைப் பரப்பிவிடும், ரப்பர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் நட்டைப் பிடித்திருக்கும். நட்டைப் போடுவதற்கு முன், "நெயில் பாலிஷ் இருக்காம்மா?" என்றாரே பார்க்கலாம்! இதற்கென்றே பசை விற்கிறதாம்; அது தீர்ந்துவிட்டதாம். எங்கள் பெண் வேனிலேயே விட்டுப் போன குங்குமச் சிவப்புப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டின் மரையில் ஒரு சொட்டுத் தடவி முறுக்கினார். உலர்ந்தால் சும்மா கழன்று வராதாம். ஸ்பேனர் போட்டால் வரும்.

இவர் வாயைத் திறக்கவில்லை. அதனால் நான் திறந்தேன். 1911-ல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் ஐந்நூறு மைல் பந்தயத்தில் மற்றவர்களெல்லாம் பின்னால் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டிருக்க, ரே ஹாரூன் மட்டும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தனியாக ஓட்டி ஜெயித்த கதையைச் சொன்னேன். செங்கல் பாவிய பாதையில் அந்தக் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டாராம்.

"அப்போ அவர் பக்கத்து ஆளையும் ஏத்தியிருக்கணும்" என்றார் இவர்.

"எனக்குப் பக்கத்திலே ஆள் இருந்தாரே!" என்றேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு ரப்பரைத் தடவினார்.

கடைசியில் என்னை ஸீட்டில் உட்காரச் சொன்னார், ஓட்டும்போது எப்படி உட்காருவேனோ அப்படியே. கண்ணாடியின் உள் ஓரத்தில் நம் வண்டியின் பக்கவாட்டு ஒரு விரற்கடை தெரிந்தால் போதும். அதற்கு மேல் தெரிந்தால் ரோடு வீண். வெளிக்கண்ணாடி சற்றே புடைத்தது, வருகிறவன் தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும். அதனால் நினைப்பதைவிடக் கிட்டே இருக்கிறான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் படிந்துவிடும், கொஞ்ச தூரம் போய் ஒரு தரம் நட்டை முறுக்குங்கள் என்று சொல்லி ஒரு பழைய ஸ்பேனரையும் கையில் கொடுத்துவிட்டார். அதற்குக் காசு வாங்க மாட்டேனென்று பிடிவாதம்.

மறுநாள் காயலைப் பார்த்துவிட்டு அதிராம்பட்டினம் வழியே போனோம். மனோரா பக்கம் வண்டியை நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் இவர் ஸ்பேனரோடு என் பக்கத்துக் கதவுக்கு வந்துவிட்டார். கால் சுற்று முறுக்கினார். பிறகு ஒரு கையால் கண்ணாடியை லேசாக ஆட்டி, மறு கை விரலை மூட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"கெட்டியா இருக்கு" என்றார். இடது பக்கத்துக் கண்ணாடிக்கும் அதே வாஷர் வேண்டுமாம்.